மெஷினுக்கு லட்சம் ரூபாய்... கட்டரைப் பிடிக்க மட்டும் டிரில் சக்கா?

போன மாதம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பியிருந்தார். சென்னையில் ஐடி வேலை, காலேஜில் படித்தது மெக்கானிக்கல். இரண்டு வருடம் காசு சேர்த்து, வீட்டு கார் ஷெட்டில் வைக்கிற அளவில் ஒரு சின்ன மில்லிங் மெஷின் வாங்கிவிட்டார். "எப்படிண்ணா இருக்கு?" என்று கேட்டு, பின்னாலேயே ஒரு ஹார்ட்டின்.

மெஷின் நன்றாகத்தான் இருந்தது. டேபிள் மேல் வைஸ், வைஸில் ஒரு அலுமினியத் துண்டு. மேலே ஸ்பிண்டிலில் டிரில் சக். அந்த சக்கின் வாயில் 10 மி.மீ. எண்ட் மில்.

"மெஷின் சூப்பர் தம்பி. அந்தச் சக்கை மட்டும் இப்பவே கழட்டிருங்க" என்று பதில் போட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. "நல்லா டைட்டாத்தான்ணா புடிச்சிருக்கு. மெஷினோட அதுதான் வந்துச்சு."

மெஷினோடு வந்தது, அதனால் அதுதான் கட்டரைப் பிடிப்பதற்கு என்று அவர் எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. பெட்டியில் ஒரு டிரில் சக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று சொல்லாமல் விடுவதுதான் தப்பு. என் கட்சி இதுதான்: சின்ன மில்லிங் மெஷின் வாங்குகிறவர்கள் மோட்டார் எத்தனை வாட் என்று பார்ப்பதற்கு முன்னால், கட்டரை எதில் பிடிக்கப்போகிறோம் என்பதை முடிவு செய்ய வேண்டும். பட்ஜெட் பற்றவில்லையா, மெஷினில் ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளுங்கள். பிடிமானத்தில் கை வைக்காதீர்கள்.

டிரில் சக்கில் என்ன தப்பு?

துளை போட அதைவிட நல்ல கருவி இல்லை. இன்று நாம் பார்க்கும் மூன்று தாடை சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902-இல் காப்புரிமை வாங்கினார். அது டிரில்லுக்காகவே பிறந்தது. டிரில் வேலை செய்யும்போது விசை கிட்டத்தட்ட முழுவதும் மேலிருந்து கீழாகத்தான். அந்த அழுத்தம் சக்கை ஸ்பிண்டிலுக்குள் இன்னும் இறுக்கமாக உட்காரவைக்கும்.

எண்ட் மில்லின் கதை வேறு. அது பக்கவாட்டில் வெட்டுகிறது. ஒவ்வொரு பல்லும் உலோகத்தைக் கடிக்கும்போது பக்கத்தில் ஒரு அடி. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, கட்டரில் நான்கு பல் என்றால் நிமிடத்துக்கு நாலாயிரம் அடி. இந்த அடியைத் தாங்க சக்கில் இருப்பது மூன்று தாடைகள். அவை கட்டரின் ஷாங்க்கை மூன்று மெல்லிய கோடுகளில் மட்டுமே தொடுகின்றன. தாடையும் கடினப்படுத்தியது, ஷாங்க்கும் கடினமானது. கல்லைக் கல்லால் பிடித்த மாதிரி, வழுக்கத்தான் செய்யும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. சக்கின் பின்பக்கத்தில் ஒரு குட்டி டேப்பர் இருக்கும். ஆர்பர் என்கிற தண்டில் சக் அந்த டேப்பரின் உராய்வால் மட்டும்தான் நிற்கிறது. போல்ட் கிடையாது, பெரும்பாலான சக்கில் த்ரெட் கிடையாது. பக்கவாட்டில் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் அது விட்டுவிடும்.

எனக்கு விட்டிருக்கிறது. கோவையில் ஒரு சின்ன ஜாப் வொர்க் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்த காலம். காலெட்டைத் தேட சோம்பல்பட்டு, டிரில் சக்கிலேயே கட்டரை மாட்டி ஒரு எம்.எஸ். பிளேட்டில் ஸ்லாட் ஓட்டினேன். பாதி தூரம் போனதும் சத்தம் மாறியது. மெஷினை நிறுத்த கை போவதற்குள் சக் ஆர்பரை விட்டுக் கழன்று, சுழன்றபடியே வைஸ் மேல் விழுந்து, ஒரு துள்ளு துள்ளி என் இடது கையை ஒட்டிப் போனது. விரல் தப்பியது என் திறமையால் இல்லை. ஃபோர்மேன் வந்தார், தரையில் கிடந்த சக்கை எடுத்தார். "ஏன் தம்பி, டிரில்லு கீழ தள்ளுது, கட்டரு பக்கத்துல தள்ளுது. ரெண்டும் ஒண்ணுங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

சக் கழன்று விழுவது அடிக்கடி நடப்பதில்லை என்பது உண்மைதான். அடிக்கடி நடப்பது சத்தமே இல்லாத வேறொன்று. வழக்கமான எண்ட் மில்லின் சுருள், மரையாணி போல, கட்டரை வேலைப் பொருளை நோக்கிக் கீழே இழுக்கும் திசையில் இருக்கிறது. பிடி கொஞ்சம் வழுக்கினாலும் கட்டர் மெல்ல மெல்ல இறங்கும். 2 மி.மீ. ஆழம் என்று ஆரம்பித்த ஸ்லாட் மறுமுனையில் 2.6 ஆக முடியும். "மெஷின் இசட்டில் அளவு நிக்க மாட்டேங்குது" என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகைதான். ஒரு சின்ன சோதனை இருக்கிறது. கட்டரை மாட்டியதும் ஷாங்க்கில், பிடியை ஒட்டி, மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வெட்டி முடித்ததும் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

ஆட்டம் என்கிற எதிரி

சின்ன மெஷினில் சின்ன கட்டர்தான் அதிகம் ஓடும். அங்கே கொஞ்சம் கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 மி.மீ. கார்பைடு கட்டர், இரண்டு பல். ஒவ்வொரு பல்லும் 0.015 மி.மீ. கடிக்கும்படி ஃபீட் வைத்திருக்கிறீர்கள். அதாவது ஒரு சுற்றுக்கு 0.03. இப்போது பிடிமானத்தில் ரன்அவுட், பட்டறை பாஷையில் ஆட்டம், டயல் இண்டிகேட்டரில் 0.04 மி.மீ. காட்டுகிறது என்று வையுங்கள். அந்த ஆட்டம் பல் இருக்கும் திசையிலேயே அமைந்துவிட்டால், ஒரு பல் இன்னொன்றைவிட 0.04 வெளியே நிற்கும். முழு 0.03-ஐயும் அது ஒன்றே வெட்டும். இன்னொரு பல் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். காசு கொடுத்தது இரண்டு பல்லுக்கு, உழைப்பது ஒன்று. அந்த ஒன்றும் தாங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்கு தாங்கி, சீக்கிரம் படக்கென்று உடையும்.

0.04 என்பது மோசமான அளவு என்று நினைக்காதீர்கள். சாதாரண டிரில் சக்குக்கு அது நல்ல நாள்.

ஆன்லைனில் கிடைக்கும் 3018 மாதிரியான குட்டி சிஎன்சி ரவுட்டர் வாங்கியவர்களுக்கும் இதே வலிதான். அதில் மோட்டாரின் 5 மி.மீ. தண்டில் ஒரு ஈஆர்11 நீட்டிப்பைச் செருகி, பக்கத்தில் குட்டி ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஸ்க்ரூ ஒரு பக்கமாகத் தள்ளுவதால் மையம் அங்கேயே போய்விடும். காலெட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஸ்பிண்டிலின் வாய்

மெஷின் வாங்கும்போது விளம்பரத்தில் ஒரு ஓரமாக 'எம்டி3' அல்லது 'ஆர்8' என்று போட்டிருக்கும். எல்லோரும் தாண்டிப் போகும் வரி அது. உண்மையில் அடுத்த பத்து வருடத்துக்கு நீங்கள் வாங்கப்போகும் ஹோல்டர்களை அந்த வரிதான் தீர்மானிக்கிறது.

எம்டி என்பது மோர்ஸ் டேப்பர். 1860-களில் அமெரிக்காவில் டிரில் பிட்களுக்காக உருவானது. கோணம் ரொம்பக் குறைவு, மொத்தமே சுமார் 3 டிகிரி. அதனால் உள்ளே போனால் கவ்விக்கொள்ளும். டிரில்லுக்கு அது வரம். மில்லிங்கில் தலைவலி. மேலிருந்து டிரா பார் போல்ட் போட்டு இறுக்கியே ஆக வேண்டும், கழற்றும்போது அந்த போல்ட்டின் தலையில் சுத்தியலால் தட்டியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் ஸ்பிண்டில் பேரிங்கில் விழுகிறது. ஒரு நாளைக்குப் பத்து முறை டூல் மாற்றினால் பத்து முறை. சின்ன மெஷினின் பேரிங் அதற்காகச் செய்ததில்லை.

ஆர்8 என்பது அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நிறுவனம் கொண்டுவந்தது. 1938-இல் முதல் மெஷினை விற்ற, டரட் மில்லிங் மெஷின் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருகிற அதே பிரிட்ஜ்போர்ட். இதன் கோணம் கிட்டத்தட்ட 17 டிகிரி. டிரா பாரைத் தளர்த்தி லேசாகத் தட்டினாலே விட்டுவிடும். ஒரே மாடல் இரண்டு வாயிலும் கிடைக்கிறது என்றால், கொஞ்சம் கூடுதல் விலை சொன்னாலும் ஆர்8 எடுங்கள் என்பேன். பெரிய மெஷின்களில் இருக்கும் ஐஎஸ்ஓ30, பிடி30 எல்லாம் இன்னும் மேல். ஆனால் சின்ன மெஷினில் அவை அபூர்வம்.

ஏற்கெனவே எம்டி3 வாங்கிவிட்டீர்களா? பரவாயில்லை, அழ வேண்டாம். டூலை ஸ்பிண்டிலிலிருந்து கழற்றும் தடவைகளைக் குறைத்தால் போதும். அதற்குத்தான் காலெட் சக்.

நேரடி காலெட்டா, ஈஆர் சக்கா?

உண்மையான தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

நேரடி காலெட் என்பது ஸ்பிண்டிலின் டேப்பரிலேயே நேராக உட்கார்வது. கட்டர் ஸ்பிண்டிலின் வாயை ஒட்டி நிற்கும். இதன் அருமை வெட்டும்போதுதான் தெரியும். ஒரு முனையில் பிடித்த கம்பி எவ்வளவு வளையும் என்பது நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வெளியே நீட்டியிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. ஏற்கெனவே உடம்பு லேசான சின்ன மெஷினுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. உயரமும் மிச்சம். இந்த மெஷின்களில் ஸ்பிண்டிலுக்கும் டேபிளுக்கும் இடையே கிடைப்பதே கொஞ்சம் இடம். வைஸ், வேலைப் பொருள், சக், கட்டர் என்று அடுக்கினால் கடைசியில் கட்டர் நுழைய இடம் இருக்காது.

குறை என்ன? ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு காலெட். 6 மி.மீ. காலெட் 6 மி.மீ. ஷாங்க்கை மட்டும்தான் பிடிக்கும். 6.35 வந்தால் கையை விரிக்கும். மாற்றும்போதெல்லாம் டிரா பாரைத் திறக்க வேண்டும்.

ஈஆர் காலெட் இந்தக் குறையைத் தீர்க்க வந்தது. சுவிட்சர்லாந்தின் ரெகோ-ஃபிக்ஸ் நிறுவனம் 1970-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது, பிறகு டின் 6499 என்று தரநிலையே ஆகிவிட்டது. காலெட்டின் இரு பக்கமும் மாறி மாறிக் கீறல் இருப்பதால் அது நீளம் முழுக்க இணையாகச் சுருங்கும். பெரும்பாலான சைஸ்களில் ஒவ்வொரு காலெட்டும் 1 மி.மீ. வரை சுருங்கும். பதினெட்டு, இருபது காலெட் இருந்தால் இடையில் எந்த அளவு ஷாங்க் வந்தாலும் பிடித்துவிடலாம். சக் ஸ்பிண்டிலிலேயே இருக்கும், முன்னால் நட்டைத் திறந்து கட்டரை மட்டும் மாற்றலாம். எம்டி3-காரர்களுக்கு சுத்தியல் வேலை மிச்சம்.

எந்த ஈஆர்? எல்லோரும் ஈஆர்32 வாங்குகிறார்கள், 20 மி.மீ. வரை பிடிக்கும் என்பதால். ஆனால் 500 வாட் மெஷினில் 20 மி.மீ. கட்டரை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ஈஆர்25 போதும். 16 மி.மீ. வரை பிடிக்கும். நட்டின் விட்டம் 50-க்குப் பதில் 42 மி.மீ., வைஸின் தாடையில் இடிக்கிற பயம் குறைவு. லேத்திலும் அதே காலெட்டைப் பயன்படுத்தப்போகிறேன், கடையில் சுலபமாகக் கிடைக்க வேண்டும் என்கிறவர்கள் ஈஆர்32 போகலாம், அது நியாயமான காரணம். நுணுக்க வேலை மட்டும்தான் என்றால் ஈஆர்20 கூடப் போதும்.

என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டும். அடிக்கடி ஓடும் 6, 10, 12 மி.மீ. அளவுகளுக்கு மூன்று நேரடி காலெட். கடினமான வெட்டு எல்லாம் அதில். மற்றதற்கு ஒரு ஈஆர்25 சக். பதினைந்து காலெட் கொண்ட மலிவு பெட்டியைவிட, நல்ல தரத்தில் ஐந்து காலெட் வாங்குவது புத்திசாலித்தனம். மலிவு செட் ஒன்றில் ஒவ்வொன்றாக டயல் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று 0.01 காட்டியது, பக்கத்தில் இருந்தது 0.05. எது எப்படி என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது.

வாங்கியபின் செய்யும் தப்பு

நம்ம தம்பி சொன்னதைக் கேட்டு ஈஆர்25 வாங்கினார். பத்து நாளில் வீடியோ வந்தது. டயலின் முள் கூத்தாடுகிறது. "இதுக்கு அந்த டிரில் சக்கே பரவால்லையேண்ணா?"

மாட்டியதை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். நினைத்தது சரி. காலெட்டை சக்குக்குள் போட்டு, மேலே நட்டைத் திருகியிருக்கிறார். கிட்டத்தட்ட எல்லோரும் முதல்முறை செய்வது இதுதான். நட்டின் உள்ளே மையம் விலகிய ஒரு வளையம் இருக்கும். காலெட்டைச் சற்றுச் சாய்த்து, அந்த வளையத்தில் 'டிக்' என்று சத்தம் வரும்வரை நட்டில்தான் முதலில் மாட்ட வேண்டும். பிறகு நட்டோடு சேர்த்து சக்கில் லேசாகத் திருகி, அப்புறம் கட்டர். வரிசை மாறினால் காலெட் கோணலாக உட்காரும். கழற்றும்போது நட்டோடு வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கட்டர் இல்லாமல் நட்டை முழுசாக இறுக்குவதும் காலெட்டைப் பாழாக்கும்.

அடுத்தது இறுக்கம். ஈஆர்32 நட்டுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டருக்கு மேல். கார் சக்கர நட்டை இறுக்குகிற அளவு. ஈஆர்25-க்கும் ஏறக்குறைய அதே ரகம். நாம் குட்டி ஸ்பேனரால் செல்லமாக ஒரு திருகு திருகிவிட்டு, கட்டர் நழுவுகிறது என்கிறோம். ஸ்பிண்டிலை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை முழு நீள ஸ்பேனரால் இறுக்குங்கள். பைப் போட்டு நீட்ட வேண்டாம், அது வேறு விபரீதம். பேரிங் வைத்த நட் கிடைத்தால் அதே கைபலத்தில் பிடி கூடும்.

ஷாங்க்கிலும் காலெட்டின் துளையிலும் எண்ணெய் இருக்கக் கூடாது. துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். ஷாங்க் காலெட்டின் நீளத்தில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்காவது உள்ளே போக வேண்டும். வாயின் முனையில் மட்டும் பிடித்தால் காலெட்டின் பின்பக்கம் கூடுதலாகச் சுருங்கி, முன்பக்கம் மணி மாதிரி விரிந்துவிடும்.

எஃகில் பெரிய கட்டரை வைத்துக் கனமாக வெட்டுபவர்களுக்கு சைடு லாக் ஹோல்டர் என்று ஒன்று உண்டு. ஷாங்க்கில் தட்டையாக வெட்டிய இடத்தில் பக்கத்து ஸ்க்ரூ உட்காரும், கட்டர் கீழே இறங்கவே முடியாது. ஆனால் ஸ்க்ரூ ஒரு பக்கம் தள்ளுவதால் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். 16 மி.மீ. கட்டருக்கு அது பொருட்டில்லை, 3 மி.மீ. கட்டருக்கு எமன். நம்ம சின்ன மெஷினுக்கு அநேகமாகத் தேவைப்படாது.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். மில்லிங் மெஷினுக்குக் காசில்லை என்று, டிரில்லிங் மெஷினின் டேபிளில் கிராஸ் வைஸ் வைத்து, சக்கில் எண்ட் மில் மாட்டி ஓட்டும் வீடியோக்கள் நிறைய உலவுகின்றன. அங்கே டிரா பாரே கிடையாது. மேலே டேப்பர், கீழே டேப்பர், இரண்டும் உராய்வில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வீடியோவில் கழன்று விழவில்லை என்றால், விழுந்த வீடியோவை அவர் போடவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி சரியான வரிசையில் மாட்டி மறுபடி டயல் வைத்தார். 0.03 வந்தது. காலெட்டையும் நட்டையும் துடைத்து, அரைச் சுற்று திருப்பி மாட்டினார். மறுபடியும் 0.03. இப்போது காலெட்டைக் குறை சொல்ல முடியாது. சக்கைக் கழற்றிவிட்டு, ஸ்பிண்டிலின் உள் டேப்பரிலேயே டயலின் முள்ளை வைத்து, கையால் மெல்லச் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அங்கேயே 0.025. ஆக, கோளாறு மெஷினில். இதை மெஷின் வந்த முதல் நாளே, வேறு எதையும் மாட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும். ஒரு டயல், ஒரு மேக்னட் ஸ்டாண்ட், பத்து நிமிடம். 0.02-ஐத் தாண்டினால் எந்தக் காலெட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. நல்லவேளையாக அவருக்கு வாரண்டி இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. டயல் சுற்றும் வீடியோவை அப்படியே விற்றவருக்கு அனுப்பியிருக்கிறார்.